நீ கழற்றித் தந்த கமரா

என் ரஜனிக்கு, ஒரே வாங்கில் இருந்து படித்து, ஒரே ஸ்கூட்டியில் தீவெல்லாம் சுற்றி, ஒரே ஸ்ரூடியோவில் என்னோடு சண்டை பிடித்த என் மாமன் மகளுக்கு,

அடுத்த கிழமை உனக்கு ஆட்டைத் திவசம், நீ போய் ஒரு வருசம். உன் புருசன் குகன் அண்ணை ஐயருக்குச் சொல்லிவிட்டார். நினைவு மலருக்கு ஆளுக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். நீ சிரித்த முகமாம், பொறுமைசாலியாம், ஒருவருக்கும் பொல்லாப்பு நினையாதவளாம். நான் மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன். என்னிடம் இருப்பது நாலு வரிக்குள் அடங்குகிற விஷயமா?

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ குறை சொல்லக்கூடாது.

வங்களாவடிச் சந்தியில் எங்கள் ஸ்ரூடியோ இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஆடி ஆவணியில் வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கியபோது கலியாணமும் சாமத்தியவீடும் வரிசையாக வந்தன. நான் படம் மட்டும் எடுத்தேன். வீடியோவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டேன். அவர்கள் தாலிகட்டு முடிந்ததும் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற ஆட்கள். அதனால் வீடியோவையும் நானே பிடிப்பது என்று முடிவெடுத்து, புதுக் கமரா பார்க்க ரவுணுக்குப் போனேன்.

கடைக்காரர் மேசையில் இரண்டு கமராவை எடுத்து வைத்தார். "அக்கா, இருட்டில நல்லா எடுக்கிறது வேணுமோ, வீடியோவுக்கு நல்லது வேணுமோ? முதல் அதைச் சொல்லுங்கோ," என்றார்.

பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வெயிலில் ஸ்கூட்டியைப் பிடித்தபடி நின்றேன். அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? கமரா விற்கிறவர் யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அதே கேள்வியோடு நீயும் நானும் ஒரு மாரி முழுக்க மாரடித்தோமே, ரஜனி. உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

மலரை வாசிக்கிறவர்களுக்காகவும் சொல்கிறேன். எங்களுடைய பழைய கமரா கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் போனால் படம் முழுக்க மணல் தூவிய மாதிரிப் புள்ளி விழும். புதிது வாங்க வேண்டும், ஆனால் ஒன்றுதான் வாங்கலாம். ஒரு கமரா விளக்கு வெளிச்சத்திலேயே முகத்தைச் சுத்தமாக எடுக்கும். ஆனால் நீளமாக வீடியோ ஓடவிட்டால் சூடேறி நின்றுவிடும் என்று பாவித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மற்றதற்கு உள்ளே சின்ன விசிறி ஒன்று இருக்கிறது. எத்தனை மணித்தியாலம் என்றாலும் நிற்காது. இருட்டில்தான் கொஞ்சம் புள்ளி விழும்.

படம் என் வேலை, வீடியோ உன் வேலை. நீ விசிறிக் கமராவைத்தான் கேட்பாய் என்று நினைத்து, நான் மனதுக்குள் விட்டுக்கொடுத்துவிட்டு இருந்தேன். நீ தலைகீழாக நின்றாய். இருட்டில் எடுக்கிறதுதான் வேண்டும் என்றாய். வீடியோவுக்கு எந்தக் கமரா என்றாலும் போதும் என்றாய். நான் சூட்டைப் பற்றிச் சொன்னால், சூடேறினால் ஆறவிட்டு எடுப்போம் என்றாய். தாலிகட்டை ஆறவிட்டு எடுக்க ஏலுமோ என்று கேட்டேன். சிரித்துச் சமாளித்தாய்.

நான் அதை எப்படி விளங்கிக்கொண்டேன் தெரியுமா? எனக்காக விட்டுக்கொடுக்கிறாய் என்று. என் படங்கள் நன்றாக வரவேண்டும் என்று உன் வேலையையே குறைத்துக்கொள்கிறாய் என்று. அம்மாவிடம் சொன்னேன். லண்டனில் இருக்கிற அக்காவுக்குச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த எல்லோருக்கும் சொன்னேன். கூடப்பிறந்தவள்கூட இப்படி விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று அம்மா கண் கலங்கினா. நீ பக்கத்தில் இருந்து அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். மறுத்து ஒரு வார்த்தை சொன்னாயா?

நீ கேட்ட கமரா வந்த நாளிலிருந்து நீ அதைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை. மண்டபத்துக்குள் நடக்கும்போதும் அது உன் கண்ணில்தான். பந்தியில் சாப்பிடப் போகும்போதும் கண்ணில்தான். வீடியோ ஓடாத நேரத்திலும் அதற்குள்ளால் பார்த்துக்கொண்டுதான் போவாய். புதுப் பொம்பிளை மாதிரிக் கமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகிறாள் என்று நான் பகிடி பண்ணுவேன். கோயில் சனத்துக்குள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வருவாய். தவறிவிடுவேன் என்று காரணம் சொல்வாய். இடுப்பு நோகுது என்று ஸ்கூட்டியை என்னையே ஓட்டச் சொல்வாய். எல்லாவற்றையும் நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம் இருந்தது?

பிறகு நெடுந்தீவுக் கலியாணம்.

பெண்ணின் தகப்பன் பாரிசில் நோயாளி. பயணம் செய்யக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நெடுந்தீவில் போன் சிக்னல் நம்பமுடியாது, நேரடியாகக் காட்ட வழியில்லை. மகளுக்குத் தாலி கட்டுவதை அந்த மனுசன் எங்களுடைய வீடியோவில்தான் பார்க்கப்போகிறார் என்று தாய் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினா. மத்தியான முகூர்த்தம். தகரக் கொட்டகை. ஓமப்புகையும் வெக்கையும். காலையில் பொம்பிளை அழைப்பிலிருந்து உன் கமரா ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கெட்டிமேளம் தொடங்கியபோது கமரா நின்றது.

நான் மணவறைக்கு மறுபக்கம் படம் எடுத்துக்கொண்டு நின்றேன். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நீ பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாய். அதற்கிடையில் தாலி ஏறிவிட்டது, அறுகரிசி போட்டுவிட்டார்கள், எல்லாம் முடிந்துவிட்டது.

பெண்ணின் பெரியப்பா எங்களைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். சனம் கேட்கத்தான் பேசினார். பொம்பிளைகளிடம் வேலை கொடுத்தால் இப்படித்தான் என்றார். அந்தத் தகப்பனுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். கமராவைத் தெரிந்தெடுத்ததில் பிழை விட்டுவிட்டோம் என்றேன். யார் தெரிந்தெடுத்தது என்று அவர் கேட்டார். உன்னைப் பார்த்தேன். நீ நிலத்தைப் பார்த்தாய். நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்தில் நீ வாய் திறந்திருக்கவேண்டும், ரஜனி. ஒரு சொல் போதும். அதற்குப் பிறகு பெண்ணின் தாய் வந்தா. என் கமராவின் சின்னத் திரையில் இருந்த தாலிகட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனா. அதையும் நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

கடல் காற்றுக் கடுமையாக இருந்தது. படகு பிந்தித்தான் வெளிக்கிட்டது. நான் படகின் முன்பக்கம் இருந்தேன், நீ பின்னால். கொஞ்சத் தூரம் வந்தபிறகு நான் எழும்பி உன்னிடம் வந்து கமராவைக் கேட்டேன். கார்ட்டில் ஏதாவது மீட்க முடியுமா என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும், அதை நானே வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். உன் கையில் இருந்தால் அதையும் கெடுத்துவிடுவாய் என்பது என் குரலில் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

நீ கழுத்திலிருந்து பட்டியைக் கழற்றித் தந்தாய். ஒன்றும் சொல்லாமல் தந்தாய்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது பட்டுவிட்டது. எங்களுக்கெல்லாம் அது மங்கல் வெளிச்சம். ஆட்கள் முகம் தெரிந்தது, கயிறு கட்டுகிறவரின் கை தெரிந்தது. நான் இரண்டு கமராப் பையையும் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன். நீ பின்னாலிருந்து கூப்பிட்டாய். "தர்சு, கொஞ்சம் நில்லன்."

சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். "வா, வா" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு நடந்தேன்.

அலையில் படகு விலகிய இடைவெளிக்குள் நீ கால் வைத்தாய். தலை கொங்கிரீட்டில் அடிபட்ட சத்தத்துக்குத்தான் நான் திரும்பினேன். படகுக்காரர்கள் குதித்துத் தூக்கினார்கள். என் மடியில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வான் வண்டியில் வந்தேன். புங்குடுதீவைத் தாண்டவில்லை, நீ போய்விட்டாய்.

ஈரக் கல்லில் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். கோபத்தோடு உன்னைப் பிரிந்தேனே என்று அழுதேன். அந்த அழுகையில் ஒரு நேர்மை இருந்தது. அதைக்கூட நீ எனக்கு விட்டுவைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று சாப்பாடு முடிந்து சனம் கலைந்தபிறகு, குகன் அண்ணை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். உன் புருசன் எப்போதும் என்னோடு மெதுவாகப் பேசுகிற மனுசன். அன்றைக்கும் மெதுவாகத்தான் கேட்டார்.

"தர்சினி, ஒண்டு கேப்பன், கோவிக்கக்கூடாது. அண்டைக்கு ஏன் அவளின்ர கையை விட்டனீர்?"

எங்களுக்குள் நடந்த சண்டையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நாங்கள் கதைக்கேல்லை அண்ணை. நான் முன்னுக்கு வந்திட்டன்," என்றேன்.

"பொழுது பட்டாக் கண் தெரியாதவளை விட்டிட்டு முன்னுக்கு வந்தனீரோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். மகள் அபிரா பிறந்த பிறகுதான் அது தொடங்கியதாம். மாலைக்கண். பரம்பரையில் வருவது, மருந்தில்லை, போகப் போகக் கூடும் என்று கண் வைத்தியர் சொன்னாராம். இருட்டுகிற நேர வேலைக்குப் போகவேண்டாம் என்று குகன் அண்ணை மறித்தாராம். நீ சொன்னாயாம்: தர்சுவுக்கு எல்லாம் தெரியும், பொழுது பட்டால் அவள் என் கையை விடமாட்டாள்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் உன்னை அனுப்பிக்கொண்டிருந்தார்.

ரஜனி, நீ எப்போது எனக்குக் கை தந்தாய்? நான் எப்போது அதை விட்டேன்?

அந்த இடத்திலேயே எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளே உன் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தது. பெண்சாதியை இழந்து ஒரு மாதமான மனுசனிடம், உன் பெண்சாதி உனக்குப் பொய் சொல்லிவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? நான் பேசாமல் நின்றேன். அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும். உன் மாமியார் கோயிலில் என்னைக் கண்டால் மறுபக்கத்தால் போகிறா. சந்திக் கடையில் நான் ஏறினால் கதை நிற்கும். சனிக்கிழமைகளில் ஸ்ரூடியோவுக்கு வந்து கதிரையில் சுழன்றுகொண்டிருக்கிற உன் மகள் பிறகு வரவேயில்லை. ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவளைக் கண்டு கையை நீட்டினேன். தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கை விட்ட மாமி என்று அந்தப் பிள்ளைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் பொய்யை நான் ஒரு வருசம் சுமந்தேன். நீ எனக்குச் சொல்லாததைச் சொன்னதாகவும், நான் விடாத கையை விட்டதாகவும்.

உன் கமராவை அன்றிலிருந்து தொட மனம் வரவில்லை, அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. கமராக் கடைக்கு மறுபடி போனேன். கடைக்காரரிடம் கேட்டு, இருட்டில் எடுக்கிற கமராவைப் பின்னால் இருக்கிற சாமான் அறைக்குக் கொண்டுபோனேன். லைற் போடவேண்டாம் என்றேன். வெறும் கண்ணுக்குச் சுவர் எது, பெட்டி எது என்று மட்டும் தெரிந்தது. கமராவில் கண்ணை வைத்தேன். அறை பகல் மாதிரி எழும்பி வந்தது. பெட்டியில் எழுதியிருந்த எழுத்தை வாசித்தேன். கண்ணை எடுத்தேன், இருட்டு. வைத்தேன், வெளிச்சம்.

நீ மண்டபங்களுக்குள் நடந்த நடை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்காக விட்டுக்கொடுத்தாய் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, அது என்னவென்றும் தெரிந்தது. நீ வாங்கியது கமரா அல்ல, உனக்கு ஒரு கண். வாங்கியிருக்கலாம். நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? அது கண் என்று சொல்லியிருந்தால் நெடுந்தீவுக்கு வேறு ஒரு வீடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அது கண் என்று தெரிந்திருந்தால் படகில் வைத்து உன் கழுத்திலிருந்து கழற்றச் சொல்லியிருப்பேனா? ஒன்றும் தெரியாத ஒருத்தியின் கையில் உன் கண்ணைக் கொடுத்துவிட்டு, நில்லன் என்று மட்டும் சொன்னாய். கண் தெரியவில்லை என்று சொல்வதற்கு அதைவிட இன்னும் இரண்டு சொல்தானே?

நான் விசிறிக் கமராவை வாங்கினேன். ஒரே ஆளாக இரண்டு வேலையும் செய்கிறேன், வீடியோ நிற்கக்கூடாது. இருட்டான இடத்தில் விளக்குப் பிடிக்க யாரையாவது கேட்பேன். கேட்டால் பிடிப்பார்கள். நீ யாரிடமும் கேட்கவேயில்லை.

அன்றைக்கே குகன் அண்ணையிடம் போனேன். வேலி அடைத்துக்கொண்டு நின்றார். இருக்கச் சொல்லவில்லை, நின்றபடியே சொன்னேன். "அண்ணை, எனக்குத் தெரியாது. அவள் ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை. நான் கையை விட்டவளில்லை, என்ர கையில அவள் கை தந்ததேயில்லை."

கையில் இருந்த ஓலையைக் கீழே வைத்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிற மாதிரிக் கனநேரம் பார்த்தார்.

"உமக்குத் தெரியுமெண்டு சத்தியம் பண்ணினவள்," என்றார்.

"என்ன சத்தியம்?"

"அபிராவின்ர தலையில கை வைச்சு."

பிறகு அவர் வேலியோடு நிலத்திலேயே இருந்துவிட்டார். நானும் இருந்தேன். உன் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தா. அது எனக்கும் சேர்த்து வைத்த ரீ என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

இதை நினைவு மலரில் எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். வேண்டாம் என்பார், ஊர் உன்னைப் பொய்க்காரி என்று சொல்லும் என்பார் என்று நினைத்தேன். ரீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"எழுதும். ஆனா அவள் பயந்தவள் எண்டும் எழுதும்."

எழுதிவிட்டேன். நீ பயந்தாய். கண் போகப்போகிறது என்று பயந்தாய். வேலை போய்விடும், கமரா தூக்க விடமாட்டார்கள், வீட்டுக்குள் இருத்திவிடுவார்கள் என்று பயந்தாய். அதெல்லாம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எனக்குமா பயந்தாய்? வாங்கில் பக்கத்தில் இருந்தவளுக்கா?

அபிராவுக்குத் தகப்பன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். முந்தாநாள் பள்ளிக்கூடம் விட்டு ஸ்ரூடியோவுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றாள்.

"மாமி, உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"அம்மா பொய் சொன்னவவோ?"

"ஓம்."

இல்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அழுதாள். நான் கிட்டப் போகவில்லை, அவள் அழுது முடிக்கும்வரை இருந்தேன். பிறகு, தனக்கும் கண் பார்க்கவேண்டுமாம், புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு அப்பாவோடு போகவேண்டுமாம், நான் வருவேனா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

ரஜனி, திவசத்துக்கு வருவேன். உனக்குப் பிடித்த ஒடியற்கூழ் நான்தான் காய்ச்சுவேன் என்று உன் மாமியாரிடம் சொல்லிவிட்டேன். சரியென்று சொன்னா. உன் படத்துக்கு முன்னால் நின்று மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மன்னிக்காததை மன்னித்ததாகச் சொல்வது எனக்கு வராது.

ஒன்றை மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவர் தலையிலும் கை வைக்காமல். புதன்கிழமை வைத்தியர் என்ன சொன்னாலும், அதை அன்றைக்கே உன் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவளுக்குப் பார்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை என்னிடம் ஒளிக்கவேண்டிய தேவை அவளுக்கு ஒருநாளும் வராது.

இன்னும் கோபம் ஆறாத
உன் அத்தை மகள்,
தர்சு